பேடில் ‘டி.இசட்.’ இல்லை, ‘சி.இ.’ இருக்கிறது: இந்தக் கமாரோவை வாங்கலாமா?

கேள்வி: அண்ணா, வணக்கம். சொந்த ஊர் மதுரை, இப்போது ஹூஸ்டனில் வேலை. பல வருஷ ஆசையில் 1969 செவ்ரோலே கமாரோ இசட்/28 (கமாரோவின் ரேஸ் ரகம்) ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். வி.ஐ.என். (வண்டியின் அடையாள எண்) 124379என்6 என்று தொடங்குகிறது. ஃபயர்வாலில் (இன்ஜின் அறைக்கும் உள்பக்கத்துக்கும் நடுவில் உள்ள சுவர்) இருக்கும் தகட்டில் 04சி என்றும் எக்ஸ்33 என்றும் இருக்கிறது. ஆனால் இன்ஜின் ப்ளாக்கின் முன்பக்கப் பேடில், அதாவது முத்திரை அடிக்கும் தட்டையான இடத்தில், வண்டி நம்பரே இல்லை. சி.இ.0 என்று தொடங்கி ஐந்து இலக்கம் மட்டும் அடித்திருக்கிறது. ப்ளாக்கின் பின்னால் வார்ப்பு எண் 3970010, தேதி ஏ 22 0. விற்பவர், “கம்பெனியே வாரண்டியில் மாற்றிக் கொடுத்த ப்ளாக், மேட்சிங் நம்பர்ஸ் மாதிரிதான்” என்று சொல்லி, அசல் இன்ஜின் உள்ள வண்டியின் விலையைக் கேட்கிறார். என் நண்பரோ, “இன்ஜின் நம்பர் ஒத்துவரவில்லை என்றால் திருட்டு வண்டி, கிட்டப் போகாதே” என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: தம்பி, இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம்.

முதலில் நண்பரின் பயத்தைத் தீர்த்துவிடலாம். அவர் நம்ம ஊர்க் கணக்கில் பேசுகிறார். அங்கே ஆர்.சி. புக்கில் சேசிஸ் நம்பரும் இருக்கும், இன்ஜின் நம்பரும் இருக்கும். இன்ஜின் மாறினால் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு நடக்க வேண்டும். நீங்கள் இருக்கும் ஊரில் வண்டியின் டைட்டிலில் (உரிமைப் பத்திரம்) இருப்பது வி.ஐ.என். மட்டும்தான். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஓடிய வண்டியில் இன்ஜின் மாறியிருப்பது சர்வ சாதாரணம். திருட்டு வண்டியா என்ற சந்தேகம் இருந்தால் பார்க்க வேண்டிய இடம் இன்ஜின் இல்லை, பாடி. கண்ணாடி வழியாக டாஷ்போர்டில் தெரியும் வி.ஐ.என். தகடும், ஃபயர்வாலில் ஹீட்டர் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் முத்திரையும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஹீட்டர் பெட்டியைக் கழற்ற விற்பவர் முகம் சுளித்தால், அப்போது யோசிக்கலாம்.

இனி ப்ளாக்குக்கு வருவோம். ஒரு செவ்ரோலே வி8 ப்ளாக்கில் மூன்று விஷயங்கள் எழுதியிருக்கும். மூன்றும் வெவ்வேறு நாளில், வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு கையால் எழுதப்பட்டவை. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

முதலாவது ஃபவுண்டரியில். நான் தொழில் பழகியது கோவையில் ஒரு லேத் பட்டறையில்; பக்கத்திலேயே ஃபவுண்டரி. அச்சில் எழுத்து இருந்தால் வார்ப்பில் எழுத்து புடைத்து நிற்கும். உங்கள் 3970010-ம், ஏ 22 0-வும் அப்படிப் புடைத்து நிற்பவை. ஸ்மால் ப்ளாக் என்ற இந்தச் சின்ன வி8 வகையில் வார்ப்பு எண் டிரைவர் பக்கம் (அமெரிக்க வண்டியில் இடப்பக்கம்), கியர்பாக்ஸோடு சேரும் விளிம்பின் மேல் இருக்கும். தேதி அதே விளிம்பில் மறுபக்கம். முதல் எழுத்து மாதம் (ஏ என்றால் ஜனவரி, எல் என்றால் டிசம்பர்), நடுவில் நாள், கடைசி இலக்கம் வருஷத்தின் கடைசி இலக்கம்.

இரண்டாவது, இன்ஜின் பூட்டும் தொழிற்சாலையில். பயணி பக்கத்து ஹெட்டுக்கு முன்னால், ப்ளாக்கின் மேல்தளம் கட்டைவிரல் அகலத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் பேட். அங்கே பஞ்ச் அடித்த எழுத்து பள்ளமாக விழுந்திருக்கும். 1969 இசட்/28-இன் அசல் இன்ஜினாக இருந்தால் வி0412டி.இசட். என்பதுபோல இருக்க வேண்டும். வி என்றால் ஃபிளின்ட் தொழிற்சாலை, 0412 என்றால் ஏப்ரல் 12, டி.இசட். என்றால் 1969 இசட்/28-க்கான 302 கன அங்குல இன்ஜின்.

மூன்றாவது, கார் பூட்டும் தொழிற்சாலையில். இந்த இன்ஜின் இந்த வண்டிக்கு என்று முடிவானதும், வி.ஐ.என்-இன் ஒரு பகுதியை அடிப்பார்கள். உங்கள் வண்டியானால் 19என் என்று தொடங்கி ஆறு இலக்கம்: 1 செவ்ரோலே, 9 வருஷம், என் என்றால் ஒஹாயோவின் நார்வுட் தொழிற்சாலை. பேடில் இருக்கலாம், அல்லது ஆயில் ஃபில்டருக்கு மேலே சொரசொரப்பான இடத்தில் இருக்கலாம். 1969-இல் இரண்டு இடத்திலும் அடித்திருக்கிறார்கள். பேடை மட்டும் பார்த்துவிட்டு “வண்டி நம்பர் இல்லை” என்று முடிவு கட்டாதீர்கள். வண்டிக்கடியில் படுத்து டார்ச் அடித்து ஃபில்டருக்கு மேலேயும் பாருங்கள். அங்கே உங்கள் நம்பர் இருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வேறு யாருடைய நம்பராவது இருந்தால் கதையே மாறும்.

‘மேட்சிங் நம்பர்ஸ்’ என்று சொன்னால் அந்த மூன்றாவது முத்திரை வண்டியோடு ஒத்துப்போக வேண்டும். அது இல்லாத ப்ளாக் மேட்சிங் இல்லை. மேட்சிங் ‘மாதிரி’ என்று ஒன்று இந்தத் தொழிலில் கிடையாது. பெண் வீட்டில் “டாக்டர் மாதிரி” என்று சொன்னால் நாம் என்ன கேட்போமோ அதையே அவரிடமும் கேளுங்கள்.

சரி, சி.இ. என்றால் என்ன? 1967 மாடலிலிருந்து ஜெனரல் மோட்டார்ஸ் இன்ஜின், கியர்பாக்ஸ் போன்றவற்றுக்கு 5 வருஷம் அல்லது 50,000 மைல் வாரண்டி கொடுத்தது. உடைந்த இன்ஜினுக்குப் பதிலாக டீலருக்குப் போகும் ப்ளாக்குகளை அடையாளம் வைக்க, 1968 வாக்கிலிருந்து பேடில் சி.இ. என்று அடித்து, வருஷத்தின் கடைசி இலக்கத்தையும் ஐந்து இலக்க வரிசை எண்ணையும் சேர்த்தார்கள். சி.இ.0 என்றால் 1970. அந்த இரண்டு எழுத்துக்கு ‘கவுண்டர் எக்ஸ்சேஞ்ச்’ என்று சிலர் விரிவு சொல்வார்கள், ‘செவ்ரோலே இன்ஜின்’ என்று சிலர் அடித்துப் பேசுவார்கள். கார் கண்காட்சிகளில் இதற்காகவே மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு வாதாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அது தேவையில்லை.

தேவையானது இதுதான்: வாரண்டிக்கு மட்டும் வந்த சரக்கு இல்லை இது. காசு கொடுத்தால் டீலரின் பார்ட்ஸ் கவுண்டரில் யாரும் வாங்கலாம். வாங்கி எந்த வண்டியிலும் போடலாம். ஆக, சி.இ. முத்திரை ஒன்றைத்தான் உறுதியாகச் சொல்கிறது: இந்த ப்ளாக் எந்த வண்டியோடும் தொழிற்சாலையிலிருந்து வெளியே வரவில்லை. “வாரண்டியில் இந்த வண்டிக்கே மாற்றியது” என்பது விற்பவர் வாயிலிருந்து வருகிறது, இரும்பிலிருந்து வரவில்லை. அதைக் காகிதம்தான் சொல்ல முடியும். டீலரின் அந்தக் காலத்து ரிப்பேர் ஆர்டர், அதில் மைல் கணக்கு, தேதி, வண்டி நம்பர். அது இருக்கிறதா என்று கேளுங்கள்.

உங்கள் தேதிகள் அந்தக் கதைக்குப் பொருந்துகின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். 04சி என்றால் பாடி ஏப்ரல் மூன்றாவது வாரத்தில் தயாரானது. ப்ளாக் வார்த்தது 1970 ஜனவரி 22. அந்தக் கதைப்படி பார்த்தால், புது வண்டி வாங்கிய கொஞ்ச நாளிலேயே யாரோ இன்ஜினை உடைத்திருக்கலாம். இசட்/28 என்றால் நம்பக்கூடியதுதான். டிரான்ஸ்-ஆம் ரேஸில் 305 கன அங்குல வரம்புக்குள் நிற்க வேண்டும் என்பதற்காகவே 302 பிறந்தது. 4 அங்குல போர், 3 அங்குல ஸ்ட்ரோக், சாலிட் லிஃப்டர். குறைந்த சுற்றில் சோம்பல், அதிக சுற்றில் பேய். காகிதத்தில் 290 குதிரைத்திறன் என்று குறைத்துப் போட்டார்கள், அது யாரையும் ஏமாற்றவில்லை. 1969-இல் மட்டும் 20,302 வண்டிகள் போயின, பெரும்பாலும் இளவட்டங்கள் கைக்கு. ஆர்.பி.எம். மீட்டரின் சிவப்புக் கோட்டைத் தாண்டி மிதித்தால் கனெக்டிங் ராடு ப்ளாக்கின் பக்கவாட்டில் ஜன்னல் வைத்துக்கொண்டு வெளியே வரும். அசல் டி.இசட். ப்ளாக்குகள் அரிதாகிப் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. தேதியில் வருஷத்துக்கு ஒரே இலக்கம்தான். 0 என்பது 1970-ஆ, 1980-ஆ? 3970010 என்பது 302-க்கு மட்டும் உரிய எண் இல்லை. 350 இன்ஜினுக்கும் அதே வார்ப்புதான், 1970-களின் கடைசி வரை மூட்டை மூட்டையாக வந்தது. சாதாரணக் காரில், வேனில், டிரக்கில் எல்லாம் இருக்கும். பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் 1979 டிரக் ப்ளாக்கில் ‘9’ இருப்பதைக் காட்டி 1969 என்று விற்கிற வேலை நிறைய நடந்திருக்கிறது. உங்கள் ‘0’-வுக்கு எளிதான சோதனை, ஆயில் அளக்கும் டிப்ஸ்டிக். 1979 வரை ஸ்மால் ப்ளாக்கில் அது டிரைவர் பக்கம் இறங்கும். 1980-இல் பயணி பக்கம் போய்விட்டது. டிரைவர் பக்கம் இருந்தால் 1970 என்று எடுத்துக்கொள்ளலாம். சி.இ.0-வும் துணைக்கு நிற்கிறது.

அடுத்தது, பலரும் கேட்க மறக்கும் கேள்வி: உள்ளே இருப்பது 302-தானா? நீங்கள் எழுதிய முத்திரையில் சி.இ. எண் மட்டும் இருக்கிறது. அது அளவைச் சொல்லாது. 302-க்கும் 350-க்கும் போர் ஒன்றுதான், 4 அங்குலம். வித்தியாசம் கிராங்கில்: 350-இன் ஸ்ட்ரோக் 3.48 அங்குலம். வெளியே நின்று பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஹெட்டைக் கழற்றாமலேயே, ஸ்பார்க் பிளக் துவாரத்தில் மாட்டி சிலிண்டரின் கொள்ளளவைக் காட்டும் பம்ப் போன்ற ஒரு கருவி இருக்கிறது. ரேஸ் ஆய்வாளர்கள் வைத்திருப்பார்கள். நல்ல இன்ஜின் கடையில் கேட்டால் ஒருவரைக் காட்டுவார்கள். ஆயில் பேனை இறக்க விற்பவர் ஒத்துக்கொண்டால் இன்னும் நல்லது. 1969 இசட்/28-க்கு நான்கு போல்ட் மெயின் கேப் (கிராங்கைப் பிடித்திருக்கும் மூடி) இருக்க வேண்டும். இரண்டு போல்ட் கேப் தெரிந்தால், உள்ளே இருப்பது 302-க்கான மாற்று ப்ளாக் இல்லை. அப்புறம் பேசுவதற்கு ஒன்றுமில்லை.

அதைவிடப் பெரிய கேள்வியும் உண்டு. 1969 கமாரோவின் வி.ஐ.என். ‘வி8 வண்டி’ என்று மட்டும்தான் சொல்லும். இசட்/28 என்று எங்கேயும் சொல்லாது. டி.இசட். முத்திரையும் வண்டி நம்பரும் உள்ள ப்ளாக்தான் முக்கிய சாட்சி. அந்தச் சாட்சி உங்கள் வண்டியில் இறந்துபோய்விட்டார். மீதி சாட்சிகளைத் தேட வேண்டும். நார்வுட் வண்டி என்பது உங்கள் அதிர்ஷ்டம்: அங்கே 1968 டிசம்பர் வாக்கிலிருந்து தகட்டில் எக்ஸ் குறியீடு போட்டார்கள். எக்ஸ்33, எக்ஸ்77 இரண்டும் இசட்/28-க்கு உரியவை. லாஸ் ஏஞ்சலஸ் வண்டியாக இருந்தால் அந்த வசதி கிடையாது. ஆனால் இந்தத் தகடுகளையும் புதிதாக அடித்து விற்கிறார்கள். ரிவெட்டைச் சுற்றி பெயின்ட் உடைந்திருக்கிறதா, தகடு மட்டும் பளபளக்கிறதா என்று நிதானமாகப் பாருங்கள்.

எனக்குப் பிடித்த சாட்சி கியர்பாக்ஸ். இசட்/28-க்கு நாலு கியர் மேனுவல் மட்டும்தான். மன்சி என்ற அந்த கியர்பாக்ஸின் உறையிலும் வண்டி நம்பரின் பகுதி அடித்திருக்கும். பி9டி15 என்பதுபோலத் தனித் தேதியும் இருக்கும் (1969 ஏப்ரல் 15). இன்ஜின் உடைந்தபோது டீலர் கியர்பாக்ஸை மாற்றியிருக்க வேண்டியதில்லை. அதில் 19என்6 என்று தொடங்கி உங்கள் நம்பரே இருந்தால், வண்டியின் முதுகெலும்பு இன்னும் அசல் என்று எனக்கு நம்பிக்கை வரும். பின் ஆக்ஸில் 12 போல்ட்டாக இருக்க வேண்டும், முன்னால் டிஸ்க் பிரேக் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட மேலானது புரொடெக்ட்-ஓ-பிளேட். வாரண்டிப் புத்தகத்தில் ஒட்டியிருக்கும் சின்ன உலோக அட்டை. வண்டி நம்பர், அசல் இன்ஜினின் குறியீடு, ஆக்ஸில் குறியீடு எல்லாம் அதில் இருக்கும். டி.இசட். என்று அதில் இருந்தால், உடைந்துபோன ப்ளாக் எழுதி வைத்த உயில் மாதிரி. இதற்கும் போலி உண்டு என்பதால், புத்தகமும் முதல் உரிமையாளர் பெயரும் சேர்ந்து இருக்கிறதா என்று பாருங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றைச் சொல்கிறேன், விற்பவருக்கு ஆதரவாக. எனக்கு சி.இ. ப்ளாக் மேல் ஒரு மரியாதை உண்டு. ஏமாற்ற நினைப்பவன் டி.இசட். என்றுதான் அடிப்பான், சி.இ. என்று அடிக்க அவனுக்கு என்ன வந்தது? உங்கள் வண்டியைக் கையாண்டவர்களில் யாராவது ஒருவர், எப்போதாவது, அந்தப் பேடைச் சீவிவிட்டு விலையேற்றி விற்றிருக்கலாம். யாரும் செய்யவில்லை.

சீவிய பேட் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன், இந்த வண்டி கைகூடாமல் இன்னொன்று பார்க்கப் போனால் உதவும். தொழிற்சாலையில் ப்ளாக்கின் மேல்தளத்தை புரோச் என்ற நீளமான வெட்டுக்கருவியால் ஒரே இழுப்பில் இழுத்து மட்டம் செய்வார்கள். அதனால் முன்னிருந்து பின்னாக, தலைமுடி கனத்தில் நேர்கோடுகள் ஓடும். அதன் மேல்தான் முத்திரை விழும். பின்னாளில் சுழலும் கட்டரில் டெக் செய்தால், அதாவது மேல்தளத்தைச் சீவினால், கோடுகள் வளைந்துவிடும். மணல்தாள் போட்டுத் தேய்த்தால் கோடே இருக்காது. கெட்டிக்காரர்கள் நேர்கோட்டையும் செயற்கையாகப் போடுகிறார்கள். அப்போது எழுத்தைப் பார்க்க வேண்டும். இன்ஜின் குறியீட்டை ஒரு தொழிற்சாலை அடித்தது, வண்டி நம்பரை இன்னொரு தொழிற்சாலை அடித்தது. எழுத்தின் உருவமும் ஆழமும் இரண்டிலும் வேறாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே கையெழுத்து மாதிரி இருந்தால் ஒரே ஆள் அடித்தது.

எழுத்து, கோடு எல்லாம் சரியாக இருந்தும் ஒருமுறை ஒரு வண்டி மாட்டியது. செவ்ரோலேயின் 1970 ஷெவல், எல்.எஸ்.6 என்ற 454 கன அங்குல இன்ஜின் என்று சொல்லிக் கொண்டுவந்தார்கள். பேடில் சி.ஆர்.வி. என்று அருமையான முத்திரை (அந்த ஜப்பான் கார் இல்லை, நாலு கியர் எல்.எஸ்.6-இன் குறியீடு). புரோச் கோடுகள் பிரமாதம். வாங்கியவர் பெரிய தொகை கொடுத்திருந்தார், முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் ஸ்டார்ட்டர் பக்கம் குனிந்து வார்ப்புத் தேதியைத் துடைத்தேன். பேடில் இருந்த இன்ஜின் தேதிக்கு மூன்று மாதம் கழித்துத்தான் அந்த ப்ளாக்கையே வார்த்திருக்கிறார்கள். அம்மா பிறப்பதற்கு முன்னால் பிள்ளைக்குக் காது குத்திய கதை. மனிதர் ரொம்ப நேரம் பேசவில்லை. முத்திரை அடித்தவர் எல்லாவற்றையும் செய்தவர், குனிந்து பார்க்க மட்டும் சோம்பல்பட்டிருக்கிறார்.

வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் வார்ப்பு, அப்புறம் இன்ஜின் பூட்டுவது, அப்புறம் கார். அசல் என்று சொல்லும் ப்ளாக்கில் இது தலைகீழானால் பொய். மாற்று ப்ளாக்கில் வார்ப்புத் தேதி காருக்குப் பிறகு வருவது இயல்பு. உங்களுடையது அப்படித்தான் இருக்கிறது. கிரைஸ்லர் பக்கம் போனாலும் இதே நியாயம்தான். 1968-லிருந்து அவர்களும் வண்டி நம்பரின் பகுதியை ப்ளாக்கில் அடித்தார்கள். அவர்களுடைய 426 ஹெமி இன்ஜினின் 2468330 வார்ப்பு எண் இருந்து வண்டி நம்பர் இல்லை என்றால், மாற்று ப்ளாக்கா என்று கேட்டே ஆக வேண்டும்.

இப்போது விலை. அசல் டி.இசட். ப்ளாக் உள்ள வண்டிக்குக் கேட்கும் விலையை இதற்குக் கொடுக்காதீர்கள். அசல் இன்ஜின் இல்லாத இசட்/28 என்ற இடத்திலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். ரிப்பேர் ஆர்டர் வந்தால் கொஞ்சம் ஏறலாம். புரொடெக்ட்-ஓ-பிளேட்டும் வந்தால் இன்னும் ஏறலாம். கியர்பாக்ஸில் நம்பர் ஒத்துப்போனால் நானே உங்களை “விடாதீங்க” என்று தள்ளுவேன். ஒரு காகிதமும் இல்லை, உள்ளே 350 கிராங்க் என்றால், அது நன்றாக ஓடும் ஒரு கமாரோ. அந்த விலைக்கு வாங்கி சந்தோஷமாக ஓட்டலாம். விற்பனைப் பத்திரத்தில் ‘1970 சி.இ. மாற்று ப்ளாக்’ என்று அவரையே எழுதச் சொல்லுங்கள். நாளைக்கு நீங்கள் விற்கும்போது அந்த வரி உங்கள் மானத்தைக் காப்பாற்றும்.

வாங்கிய பிறகு யாராவது வந்து, “டி.இசட். அடித்துத் தருகிறேன்” என்பார்கள். வாசலோடு அனுப்பிவிடுங்கள். இன்ஜினைப் பிரிக்கும் நாள் வந்தால், லேத் கடைக்காரரிடம் “டெக் பண்ணும்போது பேடில் கட்டர் படக்கூடாது” என்று வாயால் மட்டும் சொல்லாமல் வேலைச் சீட்டிலும் எழுதுங்கள். ஒரு கடையில் என் சொந்த ப்ளாக்கின் பேடையே வழித்துவிட்டார்கள், நான் டீ குடிக்கப் போன நேரத்தில்.

அடுத்த முறை வண்டியைப் பார்க்கப் போகும்போது ஒரு கந்தல் துணி, ஒரு டப்பா பிரேக் கிளீனர், டிரேசிங் பேப்பர், நல்ல மிருதுவான பென்சில் எடுத்துக்கொண்டு போங்கள். 1969-இல் ஆல்டர்னேட்டர் பயணி பக்கம் வந்துவிட்டதால் பேட் அதன் பின்னால் மறைந்திருக்கும். பிராக்கெட்டைத் தளர்த்தினால் கை போகும். கம்பி பிரஷ் போடாதீர்கள், புரோச் கோடு போய்விடும். நம்ம ஊரில் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் சேசிஸ் நம்பருக்கு பென்சில் பிரிண்ட் எடுப்பார்களே, அதே மாதிரி பேடில் ஒன்று, கியர்பாக்ஸில் ஒன்று எடுத்து அனுப்புங்கள். கியர்பாக்ஸ் பிரிண்ட்தான் எனக்கு முதலில் வேண்டும்.